வெண்பனி காணாத கரையிலிருந்து ஆர்க்டிக் மலைகளுக்கு: கலாநிதி ஆய்வைத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கிழக்கிலங்கையில், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்த ஒருவர், ஆர்க்டிக் பகுதியிலும் உயர்மலைகளிலும் வெண்பனி மாறிவருவதையும் அதனால் அங்குள்ள தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் நேர்வதையும் பற்றிக் கலாநிதி ஆய்வு செய்ய விரும்பலாம். பனியையே காணாத கடற்கரையில் வளர்ந்தவருக்கு இது பொருந்துமா என்ற ஐயம் பிறருக்கு எழுவதற்கு முன்னரே அந்த மாணவரின் மனதில் எழுந்துவிடுகின்றது. அந்த ஐயத்துக்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. இவ்வாய்வுக்கு வேண்டிய ஆயத்தத்தின் பெரும்பகுதி வெண்பனியைத் தொடாமலே, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டே செய்யக்கூடியது. களத்தில் இறங்கிக் கற்கவேண்டியவையும் உண்டு; அவற்றை அங்கே சென்றபின் கற்பதே முறை. எதை இங்கே செய்வது, எதை அங்கே செய்வது, எந்த ஒழுங்கில் செய்வது என்பவற்றை விளக்குவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலாவது படி: வெண்பனியை ஒரு பொருளாக அறிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருவோர் பலர் வெண்பனியைக் குளிரின் அடையாளமாக மட்டுமே கருதுகின்றார்கள். சூழலியல் ஆய்வாளருக்கு அது முதலில் ஒரு போர்வை. புதிதாக விழுந்த வெண்பனியின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோகிராம் மட்டுமே. எஞ்சிய இடம் முழுவதும் காற்று. அந்தக் காற்று வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதால், மேலே காற்றின் வெப்பநிலை −25 பாகை செல்சியஸாக இருக்கும்போதுகூட, தடித்த வெண்பனியின் கீழுள்ள நிலம் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். காற்றால் அடித்து இறுக்கப்பட்ட வெண்பனி 300 முதல் 400 கிலோகிராம் வரை அடர்த்தி கொண்டது. தூய பனிக்கட்டி 917 கிலோகிராம். அடர்த்தி ஏற ஏறப் போர்வையின் காப்புத்தன்மை குறைகின்றது. இவ்வெண்களை நினைவில் வைத்திருங்கள். பின்னர் வாசிக்கும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையையும் புரிந்துகொள்ள இவை உதவும்.

மண் கதகதப்பாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருப்பதால் வெண்பனிப் படையின் உள்ளே ஒரு வெப்பநிலைச் சரிவு உண்டாகின்றது. ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகைக்கு மேல் அச்சரிவு இருந்தால், கீழிருந்து நீராவி மேலேறி, அடிப்பகுதியிலுள்ள மணிகளைப் பெரிதாக்கி, அவற்றுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்திவிடும். வெண்பனியில் குழி வெட்டி, நிழல் விழும் சுவரை மட்டமாகச் சீவி, அடியிலிருந்து ஒரு பிடியைக் கறுப்பு உலோகத் தட்டில் இட்டு, உருப்பெருக்கியால் பார்த்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும்: கிண்ணம் போன்று குழிந்த, பக்கங்களில் வரிகள் ஓடிய, சில மில்லிமீற்றர் அளவான மணிகள், தட்டைச் சாய்த்தவுடன் சீனியைப் போல உருண்டோடும். லெமிங் முதலிய சிறு கொறிப்பான்கள் இந்தத் தளர்ந்த படையில்தான் சுரங்கம் குடைந்து, குளிர்காலம் முழுவதும் பாசியும் புல்லும் தின்று, சில ஆண்டுகளில் அங்கேயே குட்டியும் ஈனுகின்றன. நடுக் குளிர்காலத்தில் ஒரு நாள் மழை பெய்து அந்தப் படை நனைந்து உறைந்துவிட்டால் அவற்றின் வீடும் உணவும் ஒருசேரப் பூட்டப்பட்டுவிடும்.

இரண்டாவதாக, வெண்பனி ஒரு நீர்ச் சேமிப்பு. அதனை அளக்கும் அலகு 'நீர்ச் சமவலு' எனப்படுகின்றது. அதாவது, நிற்கும் வெண்பனி முழுவதையும் உருக்கினால் எத்தனை மில்லிமீற்றர் நீர் கிடைக்கும் என்பது. 50 சதுர சென்ரிமீற்றர் குறுக்குப்பரப்புள்ள ஒரு குழாயை 80 சென்ரிமீற்றர் ஆழமான வெண்பனியில் தரைவரை செலுத்தி எடுத்தபோது, உள்ளிருந்த வெண்பனி 1,200 கிராம் நிறுத்ததாக வைத்துக்கொள்வோம். 1,200 ஐ 50 ஆல் வகுத்தால் 24 சென்ரிமீற்றர், அதாவது 240 மில்லிமீற்றர் நீர். அடர்த்தி கனமீற்றருக்கு 300 கிலோகிராம். ஆழத்தை மட்டும் அளந்தவருக்கு இந்த நீர் தெரியாது. ஆகவே ஒரு கட்டுரையில் 'வெண்பனி குறைந்தது' என்று கண்டால், ஆழமா, நீரா, மூடிய பரப்பா, மூடியிருந்த நாட்களா என்று கேட்கப் பழகுங்கள். இக்கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எழுதப்பட்ட ஆய்வு முன்மொழிவுகள் முதற் பார்வையிலேயே ஒதுக்கப்படுகின்றன.

மூன்றாவதாக, அது ஒரு கண்ணாடி. புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உருகியபின் வெளிப்படும் கரிய நிலம் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உருகும் நாள் முந்துவது அப்பகுதியின் வெப்பச் சமநிலையையே மாற்றிவிடுவது இதனாலேயே.

இரண்டாவது படி: எது மாறுகின்றது, யாருக்கு மாறுகின்றது

ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் வெப்பமடைந்து வருகின்றது. ஆர்க்டிக் நிலப்பரப்பில் ஜூன் மாதத்தில் வெண்பனி மூடியிருக்கும் பரப்பு 1967 முதல் 2018 வரையான செய்மதிப் பதிவுகளின்படி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் சுருங்கியுள்ளது. ஆயினும் 'வெப்பம் கூடினால் பனி குறையும்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு இவ்விடயம் முடிவதில்லை. மிகக் குளிரான இடங்களில் காற்றின் ஈரப்பதன் கூடுவதால் நடுக் குளிர்காலத்தில் வெண்பனி கூடவும் செய்யலாம். தாழ்வான இடங்களில் அதே மழைவீழ்ச்சி மழையாகவே பெய்துவிடும். பருவம் இருபுறமும் குறுகுகின்றது, நடுவில் மழையும் உறைவும் மாறிமாறி வருகின்றன.

இதன் விளைவுகளில் சில முதற் பார்வைக்கு முரணாகத் தோன்றும். வெண்பனி மெலிந்தால் போர்வை மெலிகின்றது. அதனால் காற்று வெப்பமான ஆண்டொன்றில் மண் முன்னையதைவிடக் கூடுதலாக உறைந்து, வேர்கள் சேதமடையலாம். வெண்பனி முன்கூட்டியே உருகினால் தாவரங்கள் முன்கூட்டியே மொட்டுவிடும். அதன்பின் வரும் ஓர் உறைபனி இரவு அம்மொட்டுகளைக் கருக்கிவிடும். இன்னொரு திசையில், குள்ளப் பேர்ச், வில்லோ ஆகிய புதர்கள் அடர்ந்த இடங்களில் காற்றால் அடித்துவரப்படும் வெண்பனி தங்குகின்றது. தங்கிய வெண்பனி மண்ணைக் கதகதப்பாக வைத்திருப்பதால் நுண்ணங்கிகள் குளிர்காலத்திலும் இயங்கி நைதரசனை விடுவிக்கின்றன. அந்த ஊட்டத்தால் புதர்கள் மேலும் அடர்கின்றன.

விலங்குகளுக்கு நேர்வது இன்னும் கடுமையானது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் வெண்பனிமேல் மழை பெய்து உறைந்தபோது, மேய்ச்சல் நிலம் பனிக்கட்டியால் மூடப்பட்டு ஏறத்தாழ 61,000 ரெயின்டியர் மான்கள் பட்டினியால் இறந்தன. நெனெட்ஸ் மேய்ப்பர் குடும்பங்கள் பல தங்கள் மந்தையையே இழந்தன. மாறாக, 2018 இல் வடகிழக்குக் கிரீன்லாந்தின் சாக்கென்பெர்க்கில் வழமைக்கு மிஞ்சிய வெண்பனி கோடையிலும் உருகாமல் நின்றதால், அங்கே கண்காணிக்கப்பட்ட தாவரங்களும் விலங்குகளும் அவ்வாண்டு பெரும்பாலும் இனம் பெருக்கவே இல்லை. குறைவும் கேடு, மிகையும் கேடு, நேரம் தவறுவதும் கேடு. இந்த மூன்றையும் பிரித்தறிவதே நீங்கள் செய்யப்போகும் ஆய்வின் அடிப்படை.

மூன்றாவது படி: கேள்வியைச் சுருக்குங்கள்

'காலநிலை மாற்றம் ஆர்க்டிக் தாவரங்களை எவ்வாறு பாதிக்கின்றது?' என்பது ஆய்வுக் கேள்வி அன்று, ஒரு துறையின் பெயர். வெண்பனியின் ஒரு பண்பு, ஓர் உயிரினம் அல்லது ஒரு சமுதாயம், ஒரு பருவம் என்ற மூன்றும் கேள்விக்குள் இருக்கவேண்டும். எடுத்துக்காட்டாக: வெண்பனி உருகும் நாள் பத்து நாட்கள் முந்தினால், வெண்பனி தேங்கும் பள்ளங்களில் வளரும் சாலிக்ஸ் ஹெர்பேசியாவின் பூக்கும் நாள் எத்தனை நாட்கள் முந்துகின்றது, அவ்வாறு முந்திய தாவரங்களில் உறைபனிச் சேதம் கூடுகின்றதா? சாலிக்ஸ் ஹெர்பேசியா வில்லோக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஒரு விரலுயரம் வளர்வதே அரிது. அது பள்ளத்தில் வளர, டிரையஸ் ஒக்டோபெட்டலா காற்றடித்து வெண்பனி நிற்காத முகடுகளில் வளர்கின்றது. சில மீற்றர் இடைவெளிக்குள் இவ்விரண்டும் இருப்பதால், ஒரே மலைச்சரிவில் வெண்பனியின் எல்லா நிலைகளையும் ஒப்பிடமுடியும். மாதங்களையும் ஆண்டுகளையும் கடந்து காத்திருக்காமல் இடத்தைக் கொண்டு காலத்தை ஒப்பிடும் இவ்வழி, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்கவேண்டிய கலாநிதி ஆய்வுக்குப் பெரிதும் உகந்தது.

கேள்வி கிடைத்ததும், வெண்பனியைச் செயற்கையாக மாற்றிப் பார்க்கப்போகின்றீர்களா, இயற்கையில் உள்ளபடி அளக்கப்போகின்றீர்களா என்று தீர்மானியுங்கள். காற்றுக்குக் குறுக்கே வேலி கட்டி வெண்பனியைக் குவிப்பது, வசந்தத்தில் மண்வாரியால் அகற்றி உருகும் நாளை முந்தச் செய்வது, மரமற்ற குளிர்நிலமான தண்டராவை ஆராய 1990 இல் தொடங்கிய சர்வதேசத் தண்டராப் பரிசோதனை வலையமைப்பினர் பயன்படுத்தும் மேல்திறந்த கூடுகளால் தாவரங்களைச் சுற்றிய காற்றை ஓரிரு பாகை வெப்பமாக்குவது என்பன பழகிய முறைகள். அவற்றை ஏற்கெனவே நிறுவி நடத்திவரும் நிலையத்தில் சேர்வதே நல்லது. புதிய வேலியொன்றை நிறுவி அதன் விளைவு தெரியும்வரை உங்கள் உதவித்தொகை நீடிக்காது.

நான்காவது படி: மட்டக்களப்பிலிருந்தே பயிலுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் மிகுந்த அழுத்தம் கொடுப்பது இதற்கே. செய்மதிப் படங்களில் வெண்பனியை இனங்காணும் சுட்டி, பச்சை ஒளியின் தெறிப்பிலிருந்து குற்றலை அகச்சிவப்பின் தெறிப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறப்படுகின்றது, 0.4 ஐத் தாண்டினால் பெரும்பாலும் வெண்பனி என்று கொள்வது வழக்கம். திருத்தப்பட்ட நீர்ச் சுட்டி என்ற பெயரில் குளங்களையும் வாவிகளையும் பிரித்தறியப் பயன்படுவதும் எழுத்துக்கு எழுத்து இதே சூத்திரந்தான். வெண்பனியும் நீரும் ஒரே சூத்திரத்தில் உயர்ந்த பெறுமானம் தருவதால், அண்மை அகச்சிவப்பை வைத்தே அவற்றைப் பிரிக்கின்றார்கள்: நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும், வெண்பனி திருப்பி அனுப்பும். ஆகவே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரம் ஆகிய நான்கு குளங்களையும் வைத்தே நீங்கள் இம்முறையை முழுமையாகக் கற்றுக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். 2015 இல் ஏவப்பட்ட சென்ரினல் 2 செய்மதியின் படங்களைக் கொப்பர்னிக்கஸ் தளத்திலிருந்தோ கூகுள் ஏர்த் எஞ்சின் வழியாகவோ இலவசமாகப் பெறுங்கள். அதன் பச்சைப் பட்டை 10 மீற்றர் நுணுக்கமும் குற்றலை அகச்சிவப்புப் பட்டை 20 மீற்றர் நுணுக்கமும் கொண்டவை; இரண்டையும் ஒரே நுணுக்கத்துக்குக் கொண்டுவந்தபின்னரே சுட்டியைக் கணிக்கவேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் நீர்ப்பரப்பு உச்சத்தின் பாதியாகக் குறைந்த நாளைக் கண்டுபிடியுங்கள். அவ்வாறு நாளொன்றைக் கண்டுபிடிப்பது, மலைச்சரிவில் வெண்பனி மறைந்த நாளைக் கண்டுபிடிப்பதற்கு நிகரான கணக்கு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் முகில் மறைத்து வாரக்கணக்கில் ஒரு தெளிவான படமும் கிடைக்காது. வட ஸ்கண்டிநேவியாவிலும் இதே தொல்லைதான் இருக்கின்றது. இடைவெளியை எவ்வாறு நிரப்புவது, நிரப்பிய நாளில் எத்தனை நாள் நிச்சயமின்மை உண்டு என்பதை எழுதிவையுங்கள். பின்னர் ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளில், குளத்துக்குக் குளம் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதற்காகக் குளத்தை எழுமாற்று விளைவாகக் கொண்ட கலப்பு மாதிரியொன்றில் அந்நாட்களைப் போகத்து மழைவீழ்ச்சியோடு பொருத்துங்கள். இது முடிந்தால், வட சுவீடனின் அபிஸ்கோ போன்ற ஆய்வு நிலையத்தில் செய்யவேண்டிய பகுப்பாய்வின் எலும்புக்கூடு உங்கள் கையில் இருக்கும்.

இன்னொரு பயிற்சிக்கு வேண்டியவை இரண்டு சிறு வெப்பநிலைப் பதிவுக் கருவிகள். பொத்தான் அளவிலான ஐபட்டன் கருவிகள் துருவ ஆய்வில் பரவலாகப் பயன்படுகின்றன. துறையில் இருந்தால் இரவல் பெறுங்கள். ஒன்றை வெறும் மணலில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்திலும் மற்றையதை அதே ஆழத்தில், மேலே தடிப்பாக வைக்கோல் பரப்பியும் புதைத்து, மணிக்கொரு பதிவாக ஒரு மாதம் விடுங்கள். வரைபடத்தில் வெறும் மணலின் கோடு பகலில் ஏறி இரவில் இறங்கும். வைக்கோலின் கீழுள்ள கோடு தட்டையாக ஓடும். நடுவில் ஒரு நாள் வைக்கோலை அகற்றினால் தட்டைக் கோடு உடனே அலையத் தொடங்கும். ஆர்க்டிக் மலைகளில் வெண்பனி எப்போது மூடியது, எப்போது விலகியது என்பதை மண்ணிலுள்ள கருவியிலிருந்து கண்டறிவது இதே அலைவை வைத்துத்தான். அங்கே கூடுதலாக ஒன்று தெரியும்: உருகும் காலத்தில் கோடு பல நாட்கள் 0 பாகையில் அசையாமல் நின்று, வெண்பனி மறைந்ததும் திடீரென மேலெழும். இதைத் தன் கையால் ஒருமுறை செய்தவர் நேர்முகத்தில் இதைப் பற்றிப் பேசும் விதமே வேறாக இருக்கும்.

செய்மதியின் எல்லைகளையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். ஒளியைப் பதியும் செய்மதி வெண்பனி உண்டா இல்லையா என்று சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. மோடிஸ் என்ற செய்மதிக் கருவி 2000 முதல் நாள்தோறும் படம் தந்தாலும் அதன் ஒரு புள்ளி 500 மீற்றர். முகட்டையும் பள்ளத்தையும் அது ஒன்றாகக் குழைத்துவிடும். லான்ட்சாட் செய்மதிகளின் பதிவு 1972 வரை பின்னோக்கிச் செல்லும், ஆனால் படங்களுக்கிடையில் நாட்கள் நீண்டவை. இஆர்ஏ5 லாண்ட் என்ற மீள்பகுப்பாய்வுத் தரவு (கணினி மாதிரி கொண்டு மீளக் கணித்த கடந்தகால வானிலை) 1950 முதல் மணிக்கொரு பெறுமானம் தருகின்றது. அதன் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் என்பதால் ஒரு பள்ளத்தின் கதையை அதனிடம் கேட்கமுடியாது.

வசதி உள்ளவர்கள் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் சென்று, தரையில் படியும் உறைபனியையும் அது புல்லில் ஏற்படுத்தும் கருகலையும் பார்த்துக் குறிப்பெடுப்பது நன்று. அது வெண்பனி அன்று. எனினும் உறைபனிச் சேதத்தை நேரில் அளந்த அனுபவம் இலங்கையிலேயே கிடைக்கின்றது.

ஐந்தாவது படி: தகுதியும் இடமும்

நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் கலாநிதிப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. நோர்வேயிலும் சுவீடனிலும் கலாநிதி மாணவர் பொதுவாகச் சம்பளம் பெறும் ஊழியராக நியமிக்கப்படுகின்றார். நோர்வேயில் மூன்று ஆண்டுகள், கற்பித்தல் முதலிய கடமைகள் சேர்ந்தால் நான்கு. சுவீடனில் நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு. ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு ஆய்வேட்டுடன் கூடிய முதுமாணிப் பட்டம் கேட்கப்படும். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் மட்டும் போதும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். முதுமாணிக்கு இம்மூன்று நாடுகளும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் அறவிடுகின்றன. நோர்வே 2023 இலையுதிர் காலம் முதல். ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டஸ் போன்ற முழு உதவித்தொகையுடன் செல்வது, அல்லது பேராதனையிலுள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் போன்ற உள்நாட்டு நிறுவனத்தில் ஆய்வு முதுமாணியை முடித்துவிட்டுச் செல்வது என்ற இரண்டு வழிகளே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டாவதைத் தாழ்வாகக் கருதவேண்டிய தேவை எதுவும் இல்லை.

வட சுவீடனின் அபிஸ்கோ விஞ்ஞான ஆய்வு நிலையத்தில் 1913 முதல் வானிலைப் பதிவுகள் உள்ளன. பின்லாந்தின் கில்பிஸ்யார்வி, கெவோ நிலையங்கள், நோர்வேயின் ட்ரொம்சோவிலுள்ள ஆர்க்டிக் பல்கலைக்கழகம், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள பல்கலைக்கழக மையம், அலாஸ்காவின் டூலிக் கள நிலையம், சுவிற்சர்லாந்தின் டாவோஸிலுள்ள வெண்பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். உயர்மலை வெண்பனியின் இயற்பியலில் நாட்டம் உள்ளவருக்கு டாவோஸ் மிகப் பொருத்தம். வெற்றிடங்கள் யூராக்செஸ் தளத்திலும், நோர்வேயினுடையவை ஜொப்நோர்க் தளத்திலும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்திலும் வெளிவரும். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் உறுதிப்படுத்தி வைத்திருப்பதும், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை முன்கூட்டியே எழுதிவிடுவதும் கடைசி நேர ஓட்டத்தைத் தவிர்க்கும்.

ஆறாவது படி: மேற்பார்வையாளருக்கு எழுதுவது

ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது பயனற்றது. ஐந்து பேரைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவரின் அண்மைய இரண்டு கட்டுரைகளை முறைகள் பகுதி உட்பட முழுமையாக வாசித்தபின் எழுதுங்கள். நம் பழக்கத்தில் உள்ள நீண்ட வணக்கங்களும் புகழுரைகளும் அங்கே தேவையில்லை. பெறுநர் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் 'ஐயா' என்று தொடங்குவது கூடவே கூடாது. முதற் பந்தியில் நீங்கள் யார், எப்போது தொடங்கமுடியும் என்பது. இரண்டாவதில் அவருடைய கட்டுரையில் உங்களை நிறுத்திய ஒரு கேள்வி. மூன்றாவதில் நீங்கள் ஏற்கெனவே செய்த ஒரு வேலை. அந்த மூன்றாவது பந்தியில்தான் குளத்துத் தரவும் வைக்கோலுக்கடியில் புதைத்த கருவியும் இடம்பெறவேண்டும்: 'நான்கு குளங்களின் நீர் வற்றும் நாளைச் செய்மதித் தரவிலிருந்து கணித்தேன், நீங்கள் வெண்பனி மறையும் நாளுக்குப் பயன்படுத்திய அதே சுட்டிதான், முகில் இடைவெளியை இவ்வாறு கையாண்டேன், அதற்கு எழுதிய கணினி நிரற்றொடர் இங்கே உள்ளது.' வெண்பனி காணாத நாட்டிலிருந்து வருகின்றேன் என்பதை மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதாதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

ஏழாவது படி: களம்

இடம் கிடைத்துச் சென்றபின் முதற் குளிர்காலத்தைக் கற்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பனிச்சறுக்கில் நடக்கவும், பனிமோட்டார் ஓட்டவும், பனிச்சரிவு அபாயத்தை வாசிக்கவும் நிலையங்கள் பயிற்சி தருகின்றன. அவற்றில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில் நிகழ்கின்றன. முன்னர் சொன்ன சீனிமணிப் படைதான் பல வேளைகளில் மேலுள்ள இறுகிய படை வழுக்கிச் செல்லக் காரணமாகின்றது. சூழலியலுக்காகக் கற்றதே இங்கே உயிர்காக்கும் அறிவாகின்றது. சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைவதால், தூரத்திலிருந்து வரும் மீட்புக் குழுவை நம்பியிருக்கமுடியாது. தனியாகக் களத்துக்குச் செல்லவே கூடாது.

உடையில் பருத்தியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி உடற்சூட்டைப் பறித்துவிடும். உடலை ஒட்டி கம்பளி, அதன்மேல் காப்பு, வெளியே காற்றுத் தடுப்பு என்பது ஒழுங்கு. கன்னத்திலோ விரலிலோ தோல் வெளிறி உணர்விழந்தால் அது உறைகாயத்தின் தொடக்கம்; சகபாடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்ளவேண்டும். குளிரில் மை உறைவதால் பென்சிலால் எழுதுங்கள். மின்கலங்களை மேலங்கியின் உட்பையில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெண்பனி திருப்பி அனுப்பும் வெளிச்சம் கண்ணைக் காயப்படுத்தும் என்பதால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ட்ரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. உயிர்ச்சத்து டி பற்றி அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள், உறக்க நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தனிமை பெரிதாகத் தோன்றும் மாதங்களில், வட நோர்வேயின் மீன்பிடி ஊர்களில் 1980கள் முதல் குடியேறி வாழும் நம் மக்களின் குடும்பங்களைத் தேடிச் செல்லத் தயங்கவேண்டாம். அந்த இருளை முதலில் கடந்தவர்கள் அவர்கள்.

நீங்கள் அளக்கும் மலைகளிற் பல, வட ஸ்கண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்கள் ரெயின்டியர் மேய்க்கும் நிலம். கருவி புதைப்பதற்கும் வேலி கட்டுவதற்கும் சட்டபூர்வ அனுமதி பெறுவதோடு, மந்தை எப்போது அவ்வழியே செல்லும் என்று மேய்ப்பர்களிடம் முன்கூட்டியே கேட்டு, கன்று ஈனும் காலத்தில் விலகி நில்லுங்கள். வெண்பனிக்குள் எந்தப் படை இறுகியது, எந்த ஆண்டில் மழை உறைந்தது என்பதை அவர்கள் அளவீடுகள் தொடங்குவதற்கு முன்னரே அறிந்தவர்கள். அவர்கள் சொல்வதைத் தரவாகப் பயன்படுத்தினால் சம்மதமும் உரிய நன்றியறிவிப்பும் வேண்டும்.

முதல் ஆண்டின் தரவு

ஒவ்வொரு கருவியின் தொடரிலக்கம், புதைத்த ஆழம், அமைவிட ஆள்கூறு, நேர வலயம் ஆகியவற்றைப் புதைக்கும் கணத்திலேயே எழுதுங்கள்; அமைவிடத்தை நாற்புறமும் படம் எடுங்கள், ஏனெனில் வெண்பனி விலகியபின் நிலம் முற்றிலும் வேறு தோற்றம் கொள்ளும். புதைப்பதற்கு முன் எல்லாக் கருவிகளையும் உருகும் பனிக்கட்டி கலந்த நீரில் ஒன்றாக இட்டு, 0 பாகையிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகின்றது என்று பதிந்து வையுங்கள். உருகும் நாளைத் தீர்மானிக்கும் கோடு அந்தப் 0 பாகையில்தான் நிற்கின்றது. வெண்பனி ஆழத்தை ஒரே கோட்டில் ஒரே இடைவெளியில், ஒவ்வொரு முறையும் அதே நபர் அளப்பது நல்லது. கொறிப்பான்கள் கம்பிகளைக் கடிப்பதும் மண் உறைந்து விரியும்போது கருவி மேலே தள்ளப்படுவதும் வழமை என்பதால், ஒவ்வொரு வகை நிலத்திலும் தேவைக்கு மேலாக ஓரிரு கருவிகளைப் புதையுங்கள்.

இந்நாடுகளில் கலாநிதி ஆய்வேடு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கட்டுரைகளும் அவற்றை இணைக்கும் ஒரு முன்னுரையும் சேர்ந்ததாகும். முதற் கட்டுரையைக் களத் தரவுக்காகக் காத்திருக்காமல், நிலையத்தின் பழைய பதிவுகளையும் செய்மதித் தரவையும் கொண்டு முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். ஊரில் குளங்களுக்காக எழுதிய நிரற்றொடர் அதற்குப் பயன்படும். செப்டெம்பரில் புதிய வெண்பனி விழத் தொடங்குவதற்கு முன், எல்லாக் கருவிகளின் பதிவுகளையும் இறக்கி, இரண்டு இடங்களில் சேமித்து, மின்கலம் மாற்றி, அதே குழிகளில் மீண்டும் புதைத்துவிட வேண்டும்.